ஆணித்துளை வெளிச்சத்தில் 77 நிமிடம்: தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு குறும்படம்

மூன்றாவது முயற்சியில்தான் அந்த வெளிச்சப்பொட்டு நாங்கள் எதிர்பார்த்தபடி நகர்ந்தது. 2024 செப்டம்பர் பள்ளி விடுமுறையில், மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே உள்ள ஒரு தோட்டத்தில், மாணவர்கள் புதுக் கட்டடத்துக்குப் போனபின் பல ஆண்டுகளாகப் பூட்டிக்கிடக்கும் பழைய தமிழ்ப்பள்ளியின் நடு வகுப்பறையில், காலை 11.33 முதல் பிற்பகல் 12.50 வரை நானும் என் மனைவியின் தம்பியும் கேமராவுக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். தகரக் கூரையில் ஓர் ஆணி கழன்றுபோன துளை வழியே விழுந்த வெயில், சிமெண்டுத் தரையில் கதவருகே தொடங்கி, பிள்ளைகள் ஒளிந்திருப்பதாகக் காட்டிய மூலையை நோக்கி 1.24 மீட்டர் ஊர்ந்திருந்தது. அந்த ஒன்றேகால் மீட்டர்தான் எங்கள் படம் முழுவதையும் தாங்குகிறது. அது கைக்கு வருவதற்குள் எட்டு மாதமும், இரண்டு திரைக்கதைகளும், ஒரு பாட்டியின் ஏச்சும் செலவாகியிருந்தன.

நான் கல்யாண வீடியோ எடுப்பவன். கேமரா, லென்ஸ், ஒலிப்பதிவுக் கருவி எல்லாம் தொழிலுக்காக ஏற்கெனவே கையில் இருந்தன. அதனால் இந்தப் பதிவில் நான் சொல்லும் செலவுக் கணக்கில் அவை சேரவில்லை.

படத்தின் பின்னணியில் இருக்கும் உண்மைச் சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022 மே 24 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், யுவால்டி என்ற சிறிய ஊரின் ராப் தொடக்கப்பள்ளியில், 18 வயது இளைஞன் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து 19 பிள்ளைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றான். அன்று காலைதான் அந்தப் பள்ளியில் பரிசளிப்பு நடந்திருந்தது. கோடை விடுமுறைக்கு இன்னும் இரண்டு நாள்தான் பாக்கி. அவன் உள்ளே நுழைந்தது காலை 11.33. போலீசார் வகுப்பறைக்குள் புகுந்து அவனைச் சுட்டு வீழ்த்தியது பிற்பகல் 12.50. இடைப்பட்ட 77 நிமிடத்தின் பெரும்பகுதியும் காவலர்கள் தாழ்வாரத்திலும் வெளியிலும் நின்றுகொண்டிருந்தார்கள். மொத்தம் 376 பேர் அங்கே வந்து சேர்ந்ததாக டெக்சாஸ் சட்டமன்றக் குழுவின் அறிக்கை அதே ஆண்டு ஜூலையில் கணக்குச் சொன்னது. பெற்றோர் வேலிக்கு வெளியே நின்று உள்ளே போகச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். பூட்டியிருப்பதாக நினைத்துச் சாவி தேடிய அந்தக் கதவு உண்மையில் பூட்டப்படாமலே இருந்திருக்கலாம் என்பதும் அறிக்கையில் இருக்கிறது. அந்த வரியைப் படித்த இரவுதான் குறும்பட எண்ணம் வந்தது. ஆனால் நான் அந்த வரியைப் பிடித்துக்கொள்ளாமல், சுட்டவனைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். முதல் தவறு அங்கேதான்.

முதல் திரைக்கதை 22 பக்கம். படிவம் ஐந்து படிக்கும் பையன், குடிகார அப்பா, பள்ளியில் அவமானம், தோட்டக் காவல்காரரின் வேட்டைத் துப்பாக்கி என்று எல்லாம் அதில் இருந்தன. படித்துப் பார்த்த நண்பர்கள் இருவரும் அரைமணி நேரம் அந்தப் பையனைப் பற்றி மட்டுமே பேசினார்கள். அவனுக்கு யாரை நடிக்கவைக்கலாம், என்ன சட்டை போடலாம், கண்ணை எப்படிக் காட்டலாம் என்பதே பேச்சு. செத்துப்போகும் பிள்ளைகளில் ஒருவரின் பெயரைக்கூட அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் நான் அந்தப் பிள்ளைகளுக்குப் பெயரே வைத்திருக்கவில்லை. அந்தக் கதையை ஓரங்கட்டிவிட்டேன்.

இரண்டாவது திரைக்கதையில் கதை வகுப்பறைக்குள் வந்தது. ஆனாலும் துப்பாக்கியை விட மனம் வரவில்லை. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் 25 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி வாங்கி, 18 வெள்ளிக்கு இரண்டு டப்பா கறுப்புச் சாயம் அடித்தேன். மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் அசல் மாதிரியே இருந்தது. அதில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது. படப்பிடிப்பு பற்றித் தகவல் கொடுக்கக் கடிதத்தோடு காவல் நிலையத்துக்குப் போனபோது, கைப்பேசியில் இருந்த அதன் படத்தை அங்கிருந்த தமிழ் சார்ஜனிடம் காட்டினேன்.

“தம்பி, இது வெளையாட்டுச் சாமான்னு உங்களுக்குத் தெரியும். ரோட்டுல பாக்குற எனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி, அசல்போல் தோன்றும் போலித் துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றம் என்றும், ஓராண்டு வரை சிறையோ 5,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். கல்யாண வீட்டில் பதினைந்து ஆண்டு கேமரா தூக்கிய எனக்கு இது தெரியாமல் இருந்தது வெட்கமாகத்தான் இருந்தது. அன்று மாலையே அதை ரம்பத்தால் ஆறு துண்டாக அறுத்துக் குப்பையில் போட்டேன். 43 வெள்ளி வீண். துப்பாக்கியைக் காட்ட முடியாவிட்டால் சத்தத்தையாவது கேட்கவைக்கலாம் என்று எண்ணி, மூங்கிலும் கார்பைடும் வாங்கி மெரியாம் பூலோ என்ற மூங்கில் பீரங்கி ஒன்று செய்து, செம்பனைக் காட்டுக்குள் வைத்து வெடித்து ஒலிப்பதிவு செய்தோம். அது இன்னொரு 22 வெள்ளி. ஒலி எல்லை தாண்டி உடைந்துபோய்ப் பதிவானது. அளவைக் குறைத்து மறுபடி எடுத்தபோது நோன்புப் பெருநாள் இரவு மாதிரி ‘பூம்’ என்று குழைந்து கேட்டது. அதைக் கேட்டால் யாருக்கும் பயம் வராது, கெத்துப்பாட், ரெண்டாங் என்ற பெருநாள் சாப்பாடுதான் நினைவுக்கு வரும்.

படத்தின் வழியைத் திருப்பியவர் ஒரு பாட்டி. நாங்கள் இடம் பார்க்கப் போனபோது, லயத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அவரிடம் பழைய பள்ளியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டோம். என்ன படம் என்று விசாரித்தார். துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும், வெற்றிலையை ஓரமாக வைத்துவிட்டு 1948ஐப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்த ஆண்டு ஜூன் 16 அன்று இந்த ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு 1960 வரை நீடித்ததும் பாடப்புத்தகத்தில் இருக்கும் செய்தி. பாட்டிக்கு அப்போது ஒன்பது வயது. அவருடைய நினைவில் சுடும் சத்தமே இல்லை. “யாரோ ஓடிவந்து கதவ சாத்துன்னாங்க. எங்கம்மா சாத்திட்டாங்க. அப்புறம் சாயந்தரம் வரைக்கும் உக்காந்திருந்தோம். எதுக்குன்னு யாரும் சொல்லல. தம்பி அழுவாம இருக்கணும்னு சீனிய துணியில முடிஞ்சு வாயில வெச்சாங்க. அது கரைஞ்சுபோனா இன்னொன்னு. அதத்தான் நான் எண்ணிக்கிட்டு இருந்தேன்,” என்றார்.

எத்தனை முடிச்சு என்று கேட்டேன். நாலு என்று உடனே சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பி மூன்றாவது திரைக்கதையை எழுத இரண்டு இரவு போதுமாக இருந்தது. ஒரு வகுப்பறை, ஓர் ஆசிரியை, ஏழு பிள்ளைகள். வெளியே யாரோ இருக்கிறான். உதவிக்கு வந்தவர்கள் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள், ஆனால் உள்ளே வருவதில்லை. சுட்டவனும் துப்பாக்கியும் ஒருபோதும் திரைக்கு வருவதில்லை. பள்ளியும் ஊரும் பிள்ளைகளும் கற்பனை. யுவால்டியிலிருந்து நான் எடுத்துக்கொண்டது 77 நிமிடத்தையும் அந்தக் கதவையும் மட்டும்தான். உள்ளேயிருந்த பிள்ளைகள் அவசர உதவி எண்ணை அழைத்துப் பேசியது அங்கே பதிவாகியிருக்கிறது. அதை வைத்து ஒரு காட்சி எழுதி, பிறகு நானே அடித்துவிட்டேன். உயிருக்குப் பயந்து ஒரு குழந்தை உண்மையில் பேசிய சொற்களை இன்னொரு குழந்தையின் வாயில் வைத்து, ‘மறுபடி ஒரு டேக்’ என்று சொல்ல என்னால் முடியாது.

இடத்துக்கு அனுமதி வாங்க மூன்று வாரம் ஆனது. இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு பள்ளியில் கேட்டோம், கதையைக் கேட்டுவிட்டு மறுத்தார்கள். அதில் தவறு இல்லை. பழைய கட்டடத்துக்குத் தோட்ட அலுவலகம் ஒப்புக்கொண்டது. எதையும் உடைக்கக்கூடாது, போகும்போது கூட்டிவிட்டுப் போகவேண்டும், இவ்வளவுதான் நிபந்தனை.

வகுப்பறையில் எங்களுக்குக் கிடைத்தவை பாதிச் சுவர், நாக்கோ சன்னல் (கண்ணாடிப் பட்டைகளை அடுக்கிய சன்னல்), தகரக் கூரை, இரட்டைக் கதவு. கதவின் அடியில் இடைவெளி மூன்று விரல் அளவுதான் இருந்தது. வெளியே நிற்பவர்களை அந்த இடைவெளி வழியாகத்தான் காட்டவேண்டும் என்று முடிவு செய்திருந்ததால், 9 மி.மீ. ஒட்டுப்பலகையில் பொய்க்கதவு ஒன்று செய்து, கீல் உட்பட 68 வெள்ளி செலவில், தரையிலிருந்து 9 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டோம். உடைக்காமல் நிறுத்த, நிலைக்கும் சுவருக்கும் இடையே மரச்சக்கைகளை அடித்து முட்டுக் கொடுத்தோம். தாழ்ப்பாள் புதிதாக வாங்கியதால் பளபளவென்று மின்னியது. வினிகரில் உப்பைக் கலந்து ஒரு இரவு ஊறவைத்தபின் நாற்பது வருடத் தாழ்ப்பாளாகிவிட்டது. அதன் விலை 4 வெள்ளி 80 காசு. அதை வெளிப்பக்கமாகவே பொருத்தினோம். ராப் பள்ளி வகுப்பறைகளின் கதவுகளையும் வெளிப்பக்கத்திலிருந்து சாவி போட்டுத்தான் பூட்டமுடிந்தது. எங்கள் படத்தில் ஆசிரியை உள்ளே தாழ்ப்பாளைத் தேடிக் கதவில் கையால் தடவுவார். வசனம் எதுவும் இல்லை.

காவலர் சீருடை அணிவதிலும் சிக்கல் வரும் என்பதால் அதையும் விட்டுவிட்டு, பழைய துணிக் கடையில் நான்கு ஜோடி கறுப்புப் பூட்ஸ் மட்டும் ஜோடி 35 வெள்ளிக்கு வாங்கினேன். நான்கு பேரின் பாதங்கள் கதவுக்கு வெளியே வருகின்றன, நிற்கின்றன, எடையை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்றுகின்றன. யுவால்டி தாழ்வாரக் கேமராப் பதிவில், காத்திருக்கும் காவலர் ஒருவர் சுவரிலிருந்த கிருமிநாசினியை அழுத்திக் கையைத் தேய்த்துக்கொள்வதை உலகமே பார்த்தது. அதை அப்படியே எடுக்க நான் விரும்பவில்லை. எங்கள் படத்தில் ஒரு பூட்ஸ் தன் அடியில் ஒட்டியிருக்கும் செம்மண்ணைப் படிக்கட்டின் விளிம்பில் நிதானமாக வழிக்கிறது. முதலில் இடது கால், பிறகு வலது கால், பதினான்கு விநாடி. என்னைக் கேட்டால் படத்தின் மிகக் கொடூரமான காட்சி இதுதான். நடித்தவர் தோட்டத்தில் லோரி ஓட்டுபவர். ‘உங்க வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னால எப்படித் தொடைப்பீங்களோ அப்படிச் செய்யுங்கண்ணே’ என்று மட்டும்தான் சொன்னேன்.

இனி பிள்ளைகள் விஷயம். பெற்றோர் அனைவரிடமும் கதையைச் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்கியிருந்தேன். அத்தோடு என் பொறுப்பு முடிந்தது என்று நினைத்தேன். முதல் நாள் காலை, ஒன்பதிலிருந்து பதினொரு வயது வரையிலான அந்த ஏழு பேரையும் உட்காரவைத்து, வெளியே கெட்டவன் ஒருவன் நிற்கிறான், சத்தம் போட்டால் வந்துவிடுவான், பயப்படுங்கள் என்றேன். இரண்டு டேக்கில் அருமையான முகங்கள் கிடைத்தன. மூன்றாவது டேக்கில் ஒரு பையனின் காற்சட்டை நனைந்திருந்தது. அவன் அதை மறைக்க முயன்றதைக் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடனே நிறுத்தாமல் நான்கைந்து விநாடி ஓடவிட்டேன் என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். அன்று இரவு அவனுக்குக் காய்ச்சல் அடித்தது.

மறுநாள் விடிந்ததும் அவனுடைய பாட்டி, நாங்கள் பசியாறிக்கொண்டிருந்த கடைக்கே வந்துவிட்டார். “ஏன்டா தம்பி, பயப்படுற மாதிரி நடிக்கச் சொல்லிக்குடுக்கத் தெரியலன்னா நீ எதுக்குப் படம் எடுக்குற?” என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தட்டிலிருந்த ரொட்டி சானாய் அப்படியே இருந்தது.

முதல் நாள் எடுத்த எல்லாவற்றையும் அந்தப் பாட்டியின் முன்னாலேயே அழித்தேன். ஆலோசனை ஆசிரியையாக இருக்கும் தோழி ஒருவரை வரவழைத்தோம். கதையைப் பிள்ளைகளிடமிருந்து முழுவதுமாக எடுத்துவிட்டு, அவர்களுக்கு ஒரு விளையாட்டை மட்டும் கொடுங்கள் என்றார். அதன்படி, யார் அதிக நேரம் சத்தம் போடாமல் இருக்கிறார்கள் என்ற போட்டி வைத்தோம். ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஐந்து புளியங்கொட்டை. இரண்டு கொட்டை உரசிச் சத்தம் கேட்டால் அவர் தோற்றார். ஒரு டேக் நான்கு நிமிடத்துக்கு மேல் போகாது. டேக் முடிந்ததும் வெளியே ஓடிப்போய்க் கத்திவிட்டு வரவேண்டும், இதுவும் விதி. காய்ச்சல் வந்த பையன் மூன்றாம் நாள் தானாகவே வந்து மூன்று ஆட்டம் ஜெயித்தான். தொகுக்கும்போது கவனித்தேன்: கொட்டை உரசக்கூடாது என்று மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையின் முகத்துக்கும் பயந்துபோன பிள்ளையின் முகத்துக்கும் திரையில் வித்தியாசமே இல்லை. இது முதல் நாளே தெரிந்திருக்கலாம்.

சிக்கலாக இருந்தது நேரம். படம் பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடியவேண்டும். 77 நிமிடம் போனதைப் பார்ப்பவர் உணரவேண்டும். சுவர்க்கடிகாரத்தைக் காட்டிப் பார்த்தோம். முள் தாவும்போதெல்லாம் சமையல் நிகழ்ச்சி மாதிரி இருந்தது. திரையில் எழுத்துப் போட்டோம், அது செய்தியாகிவிட்டது. நொந்துபோய் வகுப்பறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, மைத்துனன் தரையைக் காட்டி, “அத்தான், நாம வந்தப்ப இந்தப் பொட்டு கதவுகிட்ட இருந்துச்சு,” என்றான்.

துளை தரையிலிருந்து 3.4 மீட்டர் உயரத்தில் இருந்தது. குறுக்களவு ஏறத்தாழ 5 மி.மீ. தரையில் விழுந்த பொட்டு, பழைய ஐம்பது காசு நாணயத்தைவிடப் பெரியது, மூன்றரை செ.மீ. இருக்கும். சாக்பீஸால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றி வட்டம் போட்டுக்கொண்டே வந்தோம். முதல் பத்து நிமிடத்தில் 18 செ.மீ. நகர்ந்தது, கடைசிப் பத்தில் 15 செ.மீ. யுவால்டியின் அதே கடிகார நேரத்தை, 11.33 முதல் 12.50 வரை, இங்கே பிடித்தால் பொட்டு மேற்கிலிருந்து கிழக்காக, கதவிலிருந்து பிள்ளைகளை நோக்கி வருகிறது. இங்கே உச்சிவெயில் ஒரு மணிக்கு மேல்தான் என்பதால் இது அமைந்தது. இதை நான் திட்டமிடவில்லை, அந்த அறை எந்தப் பக்கம் பார்த்துக் கட்டப்பட்டிருந்ததோ அதன் புண்ணியம்.

பத்து விநாடிக்கு ஒரு புகைப்படம் என்று வைத்தால் 77 நிமிடத்துக்கு 462 படங்கள். விநாடிக்கு 24 படம் ஓட்டினால் பத்தொன்பது விநாடிக்குச் சற்று மேல். முதல் முயற்சியில், தொழில் பழக்கத்தில், வெளிச்ச அளவைக் கேமராவின் தானியங்கியிடம் விட்டுவிட்டேன். மேகம் வந்து போகும்போதெல்லாம் அறை மின்னி மின்னி அணைந்தது. இரண்டாவது முயற்சியில் எல்லாவற்றையும் கையால் பூட்டினேன்: ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6, விநாடியில் முப்பதில் ஒரு பங்கு. ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் லயத்து ஆடு ஒன்று உள்ளே வந்து, பொட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, முக்காலியை இடித்துக்கொண்டு வெளியேறியது. மூன்றாவது முயற்சிக்கு முன் வாசலில் ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டோம். பொட்டின் பிரகாசத்துக்கும் அறையின் இருட்டுக்கும் ஏறத்தாழ ஏழு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) இடைவெளி இருந்ததால், தரை கறுத்துப்போகாமல் இருக்க, நாக்கோ சன்னலுக்கு வெளியே வெள்ளைப் பாலிஸ்டிரீன் அட்டை ஒன்றைச் சாய்த்துவைத்து மங்கலான வெளிச்சத்தை உள்ளே அனுப்பினோம். இதைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் விளக்குக்காக ஜெனரேட்டர் ஒன்றை இரண்டு நாளைக்கு 160 வெள்ளி வாடகைக்கு எடுத்திருந்தேன். அறுபது மீட்டர் தள்ளி வைத்தும் அதன் உறுமல் ஒலிப்பதிவில் விழுந்தது. முதல் நாளே அணைத்துவிட்டோம், வாடகை மட்டும் இரண்டு நாளுக்கும் போனது.

துப்பாக்கிச் சத்தத்துக்குப் பதில் என்ன என்ற கேள்வி கடைசிவரை இருந்தது. தகரத்தில் மட்டை விழும் சத்தம், பலகையைப் பலகையில் அறையும் சத்தம் என்று பலவற்றைப் போட்டுப் பார்த்தோம். எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் சத்தத்தைச் சேர்ப்பதை விட்டுவிட்டு, இருக்கும் சத்தத்தை நிறுத்துவது என்று முடிவெடுத்தோம். படம் தொடங்கும்போது பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பது கேட்கும். அது நடுவில் நின்றுவிடும். இதற்காக மாலை டியூஷன் வகுப்பில் பதினான்கு பிள்ளைகளைச் சொல்லவைத்துப் பதிவு செய்து, ‘ஆறேழு’ என்ற இடத்தில் வெட்டினேன். போட்டுக் காட்டியபோது பார்த்த மூன்று பேரும், ஒலி கட்டாகிவிட்டது, சரிபார் என்றார்கள். மறுநாள் திரும்பப் போய், டீச்சர் கையை உயர்த்தியதும் எல்லாரும் நிறுத்தவேண்டும் என்று சொல்லிவைத்துப் பதிவு செய்தோம். ஐந்தாவது பதிவில் எல்லாரும் நிறுத்தினார்கள். பின்வரிசையில் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி மட்டும் கையைக் கவனிக்காமல், தன் போக்கில், தனியாக, “நாற்பத்திரெண்டு” என்று சொல்லி முடித்தாள். பிறகு சுற்றிலும் அமைதியாக இருப்பது உறைத்து, மெல்ல மூச்சிழுத்தாள். அந்த மூச்சும் பதிவாகியிருக்கிறது. டீச்சர் அவளைத் திட்ட வாயெடுத்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்துவிட்டேன்.

மொத்தக் கணக்கு: பூட்ஸ் 140, பொய்க்கதவு 68, தாழ்ப்பாள் 4.80, நான்கு நாள் சாப்பாடு 360, பிள்ளைகளை ஏற்றி இறக்கிய வேன் 240, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 50 வீதம் 350, பொம்மைத் துப்பாக்கியும் சாயமும் 43, மூங்கில் பீரங்கி 22, ஜெனரேட்டர் 160, கடைசியாகத் தார் ஒட்டு 6.50. ஆக 1,394 வெள்ளி 30 காசு. இதில் 225 வெள்ளி சுத்தமாக வீண். பெரியவர்கள் யாரும் சம்பளம் வாங்கவில்லை. மறுபடி செய்வதாக இருந்தால், ஆலோசனை ஆசிரியையைத் திரைக்கதை எழுதும்போதே கூப்பிடுவேன், அவருக்கு அந்த 225ஐக் கொடுப்பேன். பிள்ளைகளோடு நடக்கும் படப்பிடிப்பை நாளுக்கு மூன்று மணி நேரத்தோடு நிறுத்துவேன். ஒலிப்பதிவை முதலிலும் ஒளிப்பதிவைப் பிறகும் வைத்துக்கொள்வேன், ஏனென்றால் அந்தச் சிறுமியின் குரல் முன்பே கையில் இருந்திருந்தால் தொடக்கக் காட்சியை வேறு விதமாக எடுத்திருப்பேன்.

தார் ஒட்டு என்பது தோட்ட அலுவலகத்துக்கு நாங்கள் சொந்த விருப்பத்தில் செய்த நன்றி. கடைசி நாள் மைத்துனன் ஏணி வைத்து ஏறி, கூரையில் அந்தத் துளையை அடைத்துவிட்டான். உள்ளே நின்று பார்த்தேன். பொட்டு ஓரத்திலிருந்து கடிபட்டு, பிறை மாதிரியாகி, இல்லாமல் போனது.

11 நிமிடம் 40 விநாடியில் தொகுத்து முடித்த படத்தை முதலில் பெற்றோருக்கும் லயத்துக்காரர்களுக்கும் கோயில் மண்டபத்தில் போட்டுக் காட்டினோம். பிள்ளைகளை உள்ளே விடவில்லை, அவர்களுக்கு வெளியே ஐஸ்கிரீம். பூட்ஸ் காட்சியில் யாரோ ஒருவர் சத்தமாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். படம் முடிந்து விளக்குப் போட்டபோது, சீனி முடிச்சுப் பாட்டி முன்வரிசையில் இருந்தபடியே என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

“எல்லாம் சரிதான் தம்பி. ஆனா வெயிலு அவ்ளோ சீக்கிரம் நவராது,” என்றார்.

அவர் சொன்னது சரி. பத்தொன்பது விநாடியை ஐந்து துண்டாக வெட்டிப் போட்டிருந்தேன், ஒவ்வொன்றும் நான்கு விநாடிகூட இல்லை. மறுபடி எடுக்கலாம் என்றால் துளையை அடைத்தாகிவிட்டது, செப்டம்பர் வெயிலும் போய்விட்டது. இருந்த 462 படங்களையே விநாடிக்குப் பன்னிரண்டு என்று மெதுவாக்கினேன். முப்பத்தெட்டரை விநாடி கிடைத்தது. படத்துக்குப் படம் இரண்டே முக்கால் மி.மீ. தாவுவதால் பொட்டு இப்போது லேசாகத் துடித்துத் துடித்து நகர்கிறது. மென்பொருளில் இடைப்படங்களைக் குழைத்து அந்தத் துடிப்பை நீக்கிப் பார்த்தேன், பொட்டு எண்ணெயில் வழுக்குவதுபோல் ஆனது. துடிப்போடே விட்டுவிட்டேன்.